பிபிஆர் அடுக்குமாடிகளில் கூட்டுறவுக் கடன் சங்கம்: எப்படித் தொடங்குவது, எங்கே சறுக்கும்?

செந்தூல்வாசி
வணக்கம். கோலாலம்பூரில் செந்தூல், பத்து மூடா பக்கத்து பிபிஆர் (அரசின் மலிவு வீட்டுத் திட்டம்) அடுக்குமாடிக் குடும்பங்களுக்காக ஒரு கூட்டுறவுக் கடன் சங்கம் அமைக்கலாமா என்று குடியிருப்பாளர்கள் சிலர் பேசி வருகிறார்கள். பாதுகாவலர்கள், துப்புரவுப் பணியாளர்கள், லோரி ஓட்டுநர்கள், கிராப் ஓட்டுபவர்கள், வீட்டில் பலகாரம் செய்து விற்பவர்கள்தான் அதிகம். பாதிப்பேருக்குச் சம்பளச் சீட்டே கிடையாது. அவசரம் என்றால் அடகுக் கடை, அதுவும் முடியாவிட்டால் ஆலோங், அதாவது உரிமமில்லாத வட்டிக்காரர். பதிவு எப்படி, வட்டி எவ்வளவு வைப்பது, பணம் திரும்பாவிட்டால் என்ன செய்வது, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். முதல் கட்டமாக ஆளுக்கு 20 வெள்ளி (ரிங்கிட்) வசூலித்து வைக்கலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது.

பேரேடு
தம்பி, அந்த 20 வெள்ளி வசூலை இப்போதே நிறுத்திவையுங்கள். பதிவு இல்லாமல் பொதுமக்களிடம் சேமிப்பு வாங்குவது 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின்படி பெரிய குற்றம். நல்ல எண்ணத்தில் செய்தோம் என்று சொன்னால் விட்டுவிட மாட்டார்கள். பதிவுக்கு முன் வாங்கக்கூடியது பெயர், ஐசி (அடையாள அட்டை) நகல், விருப்பக் கையெழுத்து மட்டும்.

பதிவு செய்வது எஸ்கேஎம், அதாவது மலேசியக் கூட்டுறவு ஆணையம். சட்டம் 1993-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டம், எண் 502. முதலில் ஒரு தற்காலிகக் குழு அமைத்து, எஸ்கேஎம் கிளையில் விளக்கம் கேளுங்கள். குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை திருத்தங்களில் மாறியிருக்கிறது. நடப்பு எண்ணை அங்கேயே உறுதிசெய்துகொண்டு, அதற்கு மேல் கொஞ்சம் ஆட்களைச் சேர்த்து வையுங்கள். கடைசி நேரத்தில் நாலு பேர் பின்வாங்குவது வழக்கம். பிறகு தொடக்கப் பொதுக்கூட்டம் போட்டு, துணைவிதிகளை ஏற்று, வாரியத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். வாரியம் 6 பேருக்குக் குறையக்கூடாது, 15-ஐத் தாண்டக்கூடாது. உள் தணிக்கைக் குழுவைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாரியத்தில் இருப்பவர் அதில் இருக்க முடியாது.

துணைவிதியின் மாதிரி எஸ்கேஎம்மிடம் உண்டு. அதை அப்படியே நகலெடுக்காதீர்கள். யார் உறுப்பினராகலாம் என்ற பிரிவில் "இன்ன அடுக்குமாடிகளில் குடியிருப்பவர்கள்" என்று எல்லையைத் தெளிவாக எழுதுங்கள். எல்லை விரிந்தால் யார் யார் என்று தெரியாமல் போகும், இந்த மாதிரிச் சங்கத்துக்கு இருக்கிற ஒரே பலம் அதோடு போச்சு. கடன் கொடுப்பது, வைப்புத்தொகை வாங்குவது இரண்டும் நோக்கங்களில் இருக்க வேண்டும். அதற்கு எஸ்கேஎம்மின் ஒப்புதலும் வழிகாட்டிகளும் இருக்கின்றன, படித்துவிட்டு எழுதுங்கள்.

லெம்பாபந்தாய்
நான் எதிர்க்கருத்து சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். நாட்டில் ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. அதில் பெயருக்கு மட்டும் இருப்பவை ஏராளம். புதிதாக ஒன்று தொடங்கி, அதற்கு ஒரு வாரியம், ஒரு தணிக்கையாளர், ஒரு ஆண்டுப் பொதுக்கூட்டம் என்று செலவு இழுப்பதற்குப் பதில், ஒழுங்காக நடக்கும் ஒரு கடன் சங்கத்தில் இந்த அடுக்குமாடியை ஒரு வட்டாரமாகச் சேர்த்துவிட முடியாதா? பாதிப்பேர் ஏற்கெனவே கூட்டு (சீட்டு) கட்டுகிறார்கள். அது போதாதா?

பேரேடு
கூட்டுக்கும் இதற்கும் வேறுபாடு பெரிது. பத்துப் பேர் மாதம் 100 போட்டு, ஆளுக்கு ஒரு முறை 1,000 எடுக்கிறார்கள். நடுவில் ஒருவர் எடுத்துவிட்டுக் கட்டாமல் போனால் கடைசி ஆட்களுக்குத்தான் இடி. பதிவேடு கிடையாது, வழக்குப் போடவும் வழியில்லை. கூட்டை வியாபாரமாக நடத்துவதற்கு 1971-லேயே தடைச் சட்டம் வந்துவிட்டது. அதோடு, கூட்டு பத்து மாதத்தில் கலைந்துவிடும். கையில் எதுவும் சேராது.

ஏற்கெனவே உள்ள சங்கத்தில் சேர்வது பற்றி நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சேரும் முன் அந்தச் சங்கத்தின் கடைசி மூன்று ஆண்டுத் தணிக்கைக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அங்கேயே முடிவு தெரிந்துவிடும்.

கணக்காய்வாளர்
செலவுக் கணக்கை வெள்ளியில் பார்ப்போம், அப்போதுதான் இரண்டு பக்க வாதமும் தெளியும்.

150 உறுப்பினர்கள், ஆளுக்கு மாதம் 20 வெள்ளி. மாதம் 3,000. முதல் ஆண்டு முடிவில் 36,000, இரண்டாம் ஆண்டு முடிவில் 72,000. இரண்டாம் ஆண்டில் சராசரியாகக் கையில் இருப்பது 54,000. அதில் முக்கால் பங்கு, அதாவது 40,500 கடனாக வெளியே இருக்கிறது என்று வைப்போம். ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி, குறையும் நிலுவைமீது. வருமானம் 4,860 வெள்ளி. அவ்வளவுதான்.

இப்போது முழு நேரக் குமாஸ்தா ஒருவரை வைக்கிறீர்கள். குறைந்தபட்சச் சம்பளம் 1,700. ஆண்டுக்கு 20,400. முதலாளி பங்கு இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) 13 விழுக்காடு, அது 2,652. சொக்சோவை (தொழிலாளர் சமூகக் காப்புறுதி) சேர்க்காமலே 23,052. இந்த ஒரு சம்பளத்துக்கு மட்டும் 192,000 வெள்ளிக்கு மேல் கடன் வெளியே நல்லபடியாக ஓட வேண்டும். ஆகவே தொடக்க ஆண்டுகளில் சம்பள ஆள் கிடையாது. தன்னார்வலர்கள்தான். அதற்கு ஆள் இல்லையென்றால் லெம்பாபந்தாய் சொன்ன வழியே நல்லது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வட்டியைப் பற்றி. "மாதம் 1 விழுக்காடு" என்று சொல்வதில் இரண்டு வகை உண்டு. 2,000 வெள்ளியை 12 மாதத்துக்கு நேர்வட்டியில் கொடுத்தால் வட்டி 240. மாதம் 186 வெள்ளி 67 காசு. குறையும் நிலுவைமீது போட்டால் அசலில் மாதம் 166.67 கழித்து, மீதிக்கு மட்டும் 1 விழுக்காடு. மொத்த வட்டி 130. முதல் மாதம் 186.67, கடைசி மாதம் 168.33. நேர்வட்டியில் உறுப்பினர் உண்மையில் கட்டுவது ஆண்டுக்குச் சுமார் 21 விழுக்காடு. உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர்கூட பிணையில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18-க்கு மேல் வாங்கக்கூடாது என்று 1951-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஏழைகளுக்கான சங்கம் அதைவிட மோசமாக இருக்கக்கூடாது. கணக்கு எழுதச் சுலபம் என்பதற்காக நேர்வட்டியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

செந்தூல்வாசி
ஐயா, மிக்க நன்றி. இன்னொரு கேள்வி. அரசாங்க ஊழியர் கொப்பராசிகளில் (கூட்டுறவுச் சங்கங்களில்) அங்காசா என்ற தேசியக் கூட்டுறவுக் கூட்டமைப்பு வழியாகச் சம்பளத்திலேயே பிடித்துவிடுகிறார்கள். இங்கே அது நடக்காது. அப்படியானால் எதை நம்பிக் கொடுப்பது?

கடன்குழு
அங்கே சம்பளப் பிடித்தம்தான் கடனைக் காக்கிறது. இங்கே அதன் இடத்தில் இருப்பது சேமிப்புப் பழக்கம். எவ்வளவு சேர்த்தார் என்பதைவிட எத்தனை தடவை தவறாமல் சேர்த்தார் என்று பாருங்கள். ஆறு மாதத்தில் ஒரே தடவை 300 போட்டவரைவிட, வாரம் 5 வெள்ளி வீதம் 26 வாரம் போட்டவருக்குக் கடன் கொடுப்பது பாதுகாப்பு. வாரக் கூலிக்காரரிடம் மாத வசூல் வைத்தால் பாதி வராது. கூலி கையில் வரும் நாளுக்கு ஏற்ப வசூல் நாளை வையுங்கள். வெள்ளி மாலையோ சனி காலையோ அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ஒரு மேசை போட்டால் போதும்.

கடன் அளவு: முதல் ஆறு மாதம் கடன் கிடையாது. முதல் கடன் தன் சேமிப்பின் அளவு, அல்லது அதற்கு ஒன்றரை மடங்கு. அதை ஒழுங்காகக் கட்டி முடித்தால் அடுத்தது இரண்டு மடங்கு. மூன்று மடங்கு என்பது மூன்றாவது கடனுக்கு மேல்தான். தொடக்கத்திலேயே மூன்று மடங்கு என்று அறிவித்த சங்கங்களில் நடப்பது என்னவென்றால், ஆட்கள் ஒரு மாதத்தில் எங்கிருந்தோ கடன் வாங்கி 1,000 போட்டு, 3,000 எடுத்துக்கொண்டு காணாமல் போகிறார்கள். அதனால் விண்ணப்பத்துக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் போட்ட பெரிய தொகையை மடங்குக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஒருவருக்கு ஒரே நேரத்தில் கொடுக்கும் உச்சத்தொகைக்கு வெள்ளியில் ஓர் எல்லை வேண்டும். 36,000 கையில் இருக்கும்போது ஒருவருக்கு 5,000 கொடுத்தால், அந்த ஒருவர் கவிழ்ந்தாலே அந்த ஆண்டு வருமானம் மொத்தமும் போய்விடும். 1,500-ஐத் தாண்ட வேண்டாம் என்பேன்.

கடன் குழு மூன்று பேர். விண்ணப்பித்தவரை வீட்டிலேயே போய்ப் பாருங்கள். கேட்க வேண்டியது: வீட்டுக்கு வரும் மொத்தப் பணம், எந்தெந்த நாளில் வருகிறது, வாடகை, தண்ணீர், மின்சாரம், மோட்டார் தவணை, பிள்ளைகளின் பஸ் கட்டணம், வேறு யாருக்குக் கட்டுகிறார். கடைசிக் கேள்விக்கு உண்மை வராது. ஆகவே பேங்க் கார்டு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். கார்டும் பின் எண்ணும் வேறொருவர் கையில் என்றால் ஆலோங் அந்த வீட்டில் இருக்கிறார் என்று அர்த்தம். ஆள் சம்மதத்தோடு சிடிஓஎஸ் (கடன் வரலாறு தரும் நிறுவனம்) அறிக்கையும் பார்க்கலாம். ஆனால் பெயர் அதில் இருப்பதால் மட்டும் மறுக்காதீர்கள். பழைய தொலைபேசி பில்கூட அதில் கிடக்கும்.

பட்டர்வொர்த்பக்கம்
கடன்குழு சொன்ன எல்லாமே சரி, ஆனால் ஜாமீனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. பினாங்குப் பக்கச் சங்கங்களில் இரண்டு ஜாமீன் இல்லாமல் விண்ணப்பமே எடுப்பதில்லை.

கடன்குழு
இரண்டு ஜாமீன் வேண்டும்தான். ஆனால் அது காகிதத்தில் பலமாகத் தெரியும், கையில் பலம் கம்மி. ஒரே மாடியில் ஐந்து பேர், ஒருவருக்கொருவர் ஜாமீன். முதலாமவர் விழுந்தால் ஐந்து பேரும் கட்டுவதை நிறுத்துவார்கள், "அவர் கட்டட்டும், நானும் கட்டுகிறேன்" என்று. இதைத் தடுக்க ஜாமீன் பதிவேடு ஒன்று தனியாக வையுங்கள்: யார், யாருக்கு, எவ்வளவு, எதுவரை. ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் நிற்கக்கூடாது. அ-வுக்கு ஆ நின்றால் ஆ-வுக்கு அ நிற்கக்கூடாது. கணவனுக்கு மனைவி மட்டும் ஜாமீன் என்பது ஜாமீனே இல்லை, இருவர் பையும் ஒன்று.

இன்னொன்று, ஜாமீன்காரரின் சேமிப்பில் எவ்வளவு தொகை அந்தக் கடனுக்காகக் கட்டுண்டு கிடக்கிறது என்பதை அவர் சேமிப்புப் புத்தகத்திலேயே எழுதுங்கள். கையெழுத்துப் போடும்போதே அவருக்குத் தெரிய வேண்டும். ஆறு மாதம் கழித்துச் சேமிப்பை எடுக்க வரும்போது "எடுக்க முடியாது" என்றால், சண்டை மொத்தக் கட்டடத்துக்கும் கேட்கும்.

பட்டர்வொர்த்பக்கம்
பரஸ்பர ஜாமீன் பற்றி ஒப்புக்கொள்கிறேன். பினாங்கிலும் அதுதான் பெரிய தலைவலி. நான் சேர்ப்பது ஒன்று: தவணை தவறிய மூன்றாம் நாளே ஜாமீன்காரருக்கும் சேதி போக வேண்டும். மூன்றாம் மாதம் கடிதம் அனுப்பினால் அவர் கோபப்படுவார், உதவமாட்டார். மூன்றாம் நாள் சொன்னால் போய்க் கதவைத் தட்டுவார்.

பேரேடு
பணத்தைக் கையாளும் முறை பற்றி நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சிறிய சங்கங்களில் வாராக்கடனுக்குச் சமமாக நாசம் செய்வது ரொக்கம்.

வசூல் மேசையில் எப்போதும் இருவர். ஒருவர் பணத்தை வாங்கி எண்ணுவார், மற்றவர் ரசீது எழுதுவார். ரசீதுப் புத்தகம் வரிசை எண் அச்சடித்தது, மூன்று படி: ஒன்று உறுப்பினருக்கு, ஒன்று கணக்குக்கு, ஒன்று புத்தகத்திலேயே. தப்பாக எழுதியதைக் கிழிக்கக்கூடாது. குறுக்கே கோடு போட்டு மூன்று படியையும் புத்தகத்திலேயே வைக்க வேண்டும். ஒரு எண் காணவில்லை என்றால் அன்றே வாரியத்துக்குத் தெரிய வேண்டும்.

ஒருவர் கொடுக்கும் 50 வெள்ளி எங்கே போகிறது என்பதை ரசீதில் பிரித்து எழுதுங்கள்: பங்கு, மாதச் சந்தா, சிறப்புச் சேமிப்பு, கடன் முதல், கடன் வட்டி. இதை ஒன்றாகப் போட்டுக் குழப்பிய சங்கங்கள் பின்னால் யாருக்கு எவ்வளவு என்று சொல்ல முடியாமல் தவிக்கும். பங்கும் சந்தாவும் சங்கத்தை விட்டு விலகும்போதுதான் திரும்பும். சிறப்புச் சேமிப்பைத்தான் இடையில் எடுக்கலாம். இதை முதல் நாளே தெளிவாகச் சொல்லுங்கள். "பேங்க் மாதிரி எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்" என்று சொல்லி ஆள் சேர்த்தால், அந்தச் சொல்லே பிறகு சங்கத்தைக் கவிழ்க்கும். பிஐடிஎம் (மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம்) காப்புறுதி வங்கி வைப்புத்தொகைக்குத்தான், கூட்டுறவுச் சங்கப் பணத்துக்கு இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

மேசை மூடியதும் மூன்று கூட்டல் பொருந்த வேண்டும்: ரசீதுகளின் மொத்தம், ரொக்கப் புத்தகத்தின் மொத்தம், கையில் உள்ள பணம். 10 காசு குறைந்தாலும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். சொந்தப் பணத்தைப் போட்டுச் சரிக்கட்டக்கூடாது. இன்றைக்கு போடுகிறவர் நாளைக்கு எடுப்பார். வசூலில் இருந்து யாருக்கும் கடனோ செலவோ நேரடியாகக் கொடுக்கக்கூடாது. வாங்கிய பணம் அப்படியே, முழுதாக, அடுத்த வேலைநாளுக்குள் வங்கிக்கு. கடன் கொடுப்பது வங்கி மாற்றத்தில் மட்டும். வங்கிக் கணக்குக்கு மூவர் பெயர், எந்த இருவராவது கையெழுத்திட வேண்டும். வெற்றுக் காசோலையில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அதை அனுமதிக்கவே கூடாது.

டியூட்நவ் (கைப்பேசிப் பணமாற்று முறை) கியூஆர் வைக்கலாம், ரொக்கம் குறையும், நல்லது. ஆனால் ஆட்கள் உறுப்பினர் எண்ணைக் குறிப்பில் போடமாட்டார்கள். மகன் போனில் இருந்து அம்மாவின் தவணை வரும், பெயர் வேறாக இருக்கும். அந்தத் தொகைகளை உடனே ஊகித்து யாருடைய கணக்கிலாவது ஏற்றாதீர்கள். "அடையாளம் தெரியாத வரவு" என்று தனித் தலைப்பில் வைத்து, வாரத்துக்குள் தேடித் தீர்க்க வேண்டும். உறுப்பினர் அட்டையிலேயே கியூஆரையும் அவர் எண்ணையும் சேர்த்து அச்சடித்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

கடைசியாக, மூன்று மாதத்துக்கு ஒரு முறை உள் தணிக்கைக் குழு ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர்களின் புத்தகங்களை நேரில் வாங்கிப் பேரேட்டோடு ஒப்பிட வேண்டும். புத்தகங்களைக் குமாஸ்தாவோ பொருளாளரோ தன்னிடம் வைத்துக்கொள்ளவே கூடாது. புத்தகம் உறுப்பினர் வீட்டில் இருந்தால் திருட்டு நெடுநாள் ஒளிந்திருக்க முடியாது.

கணக்காய்வாளர்
பேரேடு அக்கா எழுதியதை அப்படியே அச்செடுத்து மேசையில் ஒட்டுங்கள்.

நிலுவையை அளப்பதைப் பற்றி நான் சொல்கிறேன். 3,000 வெள்ளி கடன், 20 மாதம், மாதத்துக்கு அசல் 150. ஆறு தவணை கட்டியிருக்கிறார், நிலுவை 2,100. பிறகு இரண்டு மாதம் கட்டவில்லை. பல சங்கங்களின் அறிக்கையில் "பாக்கி 300" என்று இருக்கும். தவறு. ஆபத்தில் இருப்பது 2,100 முழுவதும். இரண்டு மாதம் நின்றவர் மூன்றாம் மாதம் வருவாரா என்பதே கேள்வி. ஒரு மாதத்துக்கு மேல் தவறிய கடன்களின் முழு நிலுவையைக் கூட்டி, மொத்தக் கடன் நிலுவையால் வகுங்கள். உலகக் கடன் சங்கப் பேரவையின் பெர்ல்ஸ் அளவுகோலில் அது 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 5 தாண்டினால் புதிய கடனைக் குறையுங்கள். 10 தாண்டினால் புதிய கடனை நிறுத்திவிட்டு வாரியம் முழுவதும் வசூலுக்குப் போக வேண்டும். இது என் கருத்து.

அதே அளவுகோல், 12 மாதத்துக்கு மேல் நின்ற கடனுக்கு முழுத் தொகையும், 1 முதல் 12 மாதம் வரை நின்றதற்கு 35 விழுக்காடும் ஒதுக்கச் சொல்கிறது. மேலே சொன்ன 2,100-க்கு 735 வெள்ளி. ஒதுக்கீட்டை வைத்த பிறகு மிஞ்சுவதே லாபம். இதைச் செய்யாமல் ஈவுத்தொகை கொடுத்தால், வராத பணத்தில் இருந்து கொடுக்கிறீர்கள்.

லாபத்திலும் முழுக்க உங்கள் விருப்பம் இல்லை. சட்டப்படி 15 விழுக்காடு காப்பு நிதிக்கு, 2 விழுக்காடு கூட்டுறவுக் கல்வி நிதிக்கு, 1 விழுக்காடு கூட்டுறவு வளர்ச்சி நிதிக்கு. 4,000 லாபம் என்றால் 720 அப்படியே போகும், மிச்சம் 3,280. முதல் ஆண்டுகளில் ஈவு 2 அல்லது 3 விழுக்காடு கொடுத்து மீதியைக் காப்பு நிதியில் சேருங்கள். வங்கியைவிட அதிகம் கொடுக்கிறோம் என்ற பெருமைக்காக 8 விழுக்காடு அறிவிக்க வேண்டாம்.

வாரியம் செய்யும் தந்திரம் ஒன்று: நின்ற கடனை மூடிப் புதிய கடன் கொடுத்து, அந்தப் பணத்தில் பழையதைக் கட்ட வைப்பது. அறிக்கையில் நிலுவை மறையும். உள் தணிக்கை தேட வேண்டியது: ஒரே நாளில் ஒரே ஆளுக்கு மூடலும் திறப்பும். தவணையை மாற்றி எழுதுவது தப்பில்லை, வேலை போனவருக்கு அது தேவை. ஆனால் அந்தக் கடனைத் தனிப்பட்டியலில் காட்டுங்கள்.

1986-ஐ மறந்துவிடாதீர்கள். அந்த ஆண்டு 24 வைப்புத்தொகைச் சங்கங்களின் நடவடிக்கையை நிறுத்தி மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டது. இயக்குநர்களுக்கும் அவர்களைச் சார்ந்தவர்களுக்கும் கொடுத்த கடன், நிலத்திலும் பங்குச் சந்தையிலும் முடக்கிய பணம், மக்கள் திரும்பக் கேட்டபோது கையில் ரொக்கம் இல்லை. சின்னச் சங்கத்துக்கு இது பொருந்தாது என்று நினைக்க வேண்டாம். வாரிய உறுப்பினரின் கடன் விண்ணப்பம் வரும்போது அவர் அறையைவிட்டு வெளியே போக வேண்டும், அது கூட்டக் குறிப்பில் பதிவாக வேண்டும்.

லெம்பாபந்தாய்
ஐயா எழுதியதைப் படித்த பிறகு என் எதிர்ப்பு பாதி குறைந்துவிட்டது. ஆனால் நடைமுறையில் முதல் நாளே வரப்போகிற கேள்வி இது: "ஆலோங் கடனை அடைக்கக் கொடுப்பீர்களா?" 1,000 கேட்டவர் கையில் 800 கிடைக்கும், வாரம் 100 வட்டி, முதல் அப்படியே நிற்கும். பத்து வாரத்தில் 1,000 கட்டியும் 1,000 பாக்கி. இந்த ஆளுக்குச் சங்கம் உதவாவிட்டால் வேறு யார்?

கடன்குழு
உதவலாம், ஆனால் எல்லா விண்ணப்பத்தையும்விட இதற்குத்தான் நிதானம் அதிகம் வேண்டும்.

கையில் ரொக்கமாகக் கொடுத்தால் அது வட்டிக்குப் போகும், முதல் அப்படியே இருக்கும், இப்போது இரண்டு கடன். அதனால் முதலில் மொத்தப் பட்டியல்: எத்தனை ஆட்களிடம், கையில் வாங்கியது எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு. ஒரே ஒருவரிடம், ஒரே கடன், சங்கப் பணத்தால் முழுதாகத் தீரும் என்றால் மட்டும் யோசியுங்கள். மூன்று பேரிடம் இருக்கிறது, ஒன்றை மட்டும் அடைக்கிறேன் என்றால் வேண்டாம். மற்ற இருவரும் உங்கள் தவணைப் பணத்தைத்தான் எடுப்பார்கள். முழுதாகத் தீர்க்கும்போது ஐசி, பேங்க் கார்டு, எழுதிக்கொடுத்த தாள் எல்லாம் திரும்ப வர வேண்டும். வந்த அன்றே கார்டை ரத்துசெய்து புதியது எடுக்கச் சொல்லுங்கள். சங்கத்தின் ஆட்கள் ஆலோங்கிடம் நேரில் பேசப் போகக்கூடாது. மிரட்டல், பெயிண்ட் ஊற்றுவது என்றால் போலீஸ் புகார்தான், அதைக் கடன் விண்ணப்பத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும்.

வங்கிக் கடன், கிரெடிட் கார்டு சிக்கல் என்றால் ஏகேபிகேவுக்கு அனுப்புங்கள். பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஆலோசனை நிறுவனம், ஆலோசனை இலவசம். தவணையை மறுசீரமைக்க அவர்களால் வங்கியோடு பேச முடியும், சங்கத்தால் முடியாது. ஆலோங் கடன் அவர்கள் கையில் வராது.

நகை உள்ளவருக்கு அடகுக் கடையே சில நேரம் பொருத்தம், மாதம் 2 விழுக்காட்டுக்கு மேல் வாங்க முடியாது. ஒரு மாத அவசரத்துக்கு அது ஆகும். ஆறு மாதம் என்றால் சங்கக் கடனில் நகையை மீட்டுவிடுவது லாபம்.

செந்தூல்வாசி
அரசியல் தொகுதி ஒதுக்கீட்டில் இருந்து 50,000 வெள்ளி தொடக்க நிதியாகக் கிடைக்க வாய்ப்பிருக்கிறது என்கிறார்கள். அதை வைத்து முதல் மாதமே கடன் கொடுக்கத் தொடங்கினால் உறுப்பினர் சீக்கிரம் சேருவார்களே?

கணக்காய்வாளர்
சேருவார்கள், கடன் வாங்குவதற்கு. யாரோ கொடுத்த பணம் என்று தெரிந்த உடனே திருப்பிக் கட்டும் எண்ணம் தளரும். அதே அடுக்குமாடியில் பக்கத்து வீட்டு அக்கா பலகாரம் விற்றுச் சேர்த்த பணம் என்றால் கட்டாமல் இருக்க மனம் கூசும். கடன் சங்கம் நடப்பது அந்தக் கூச்சத்தை நம்பித்தான்.

கிடைக்கிற மானியத்தை மறுக்கவும் வேண்டாம். அலமாரி, கணினி, ரசீதுப் புத்தகம், தணிக்கைக் கட்டணம், வாரிய உறுப்பினர்களின் கூட்டுறவுப் பயிற்சி இவற்றுக்குச் செலவிடுங்கள். கடன் கொடுப்பது உறுப்பினர் சேமிப்பில் இருந்து மட்டும். வியாபாரத்துக்குப் பெரிய தொகை வேண்டியவரை, அரசுச் சிறுதொழில் கடன் அமைப்பான தெக்குனின் ஸ்புமி (இந்தியத் தொழில்முனைவோர்) திட்டத்துக்கு அனுப்பலாம்.

பட்டர்வொர்த்பக்கம்
1960-இல் அமைச்சர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எழுப்பியதும் தோட்டத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தில்தான். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலம் அது, அந்த மக்களைவிட ஏழைகள் யாரும் இல்லை. அதனால் "நம் ஆட்களிடம் சேமிக்க என்ன இருக்கிறது" என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள்.

ஒன்று கேட்க வேண்டும். அடுக்குமாடியில் மலாய்க் குடும்பங்கள் பாதி இருக்குமே, அவர்களை எப்படிச் சேர்ப்பது?

பேரேடு
சேர்க்க வேண்டும், துணைவிதியில் இன எல்லை வைக்காதீர்கள். வட்டி வாங்க விரும்பாதவர்களுக்கு ஷரியா முறை நிதியளிப்பு உண்டு, எஸ்கேஎம் அதற்கும் வழிகாட்டி வைத்திருக்கிறது. இரண்டு முறையையும் ஒரே பேரேட்டில் கலக்க முடியாது. நிதியும் கணக்கும் தனித்தனி. சின்னச் சங்கத்துக்கு இரட்டை வேலை பாரம் என்பதால், மொத்தச் சங்கத்தையும் தொடக்கத்திலேயே ஷரியா முறையில் அமைப்பது பற்றிப் பொதுக்கூட்டத்தில் பேசுங்கள். வட்டிக்குப் பதில் லாப விகிதம் என்று வரும், உறுப்பினர் கட்டும் தொகையில் பெரிய மாற்றம் இருக்காது.

ரொக்க இருப்பு பற்றி யாரும் சொல்லவில்லை. எடுக்கக்கூடிய சேமிப்பில் 15 முதல் 20 விழுக்காடு எப்போதும் வங்கியில் சும்மா இருக்க வேண்டும். பள்ளி திறப்பு, தீபாவளி இரண்டும் வரும் மாதங்களில் எல்லாரும் எடுப்பார்கள், எல்லாரும் கடனும் கேட்பார்கள், தவணையும் தாமதமாகும். மூன்றும் ஒரே நேரத்தில். அதனால் தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே புதிய கடனைக் குறைத்து இருப்பை ஏற்றுங்கள். இன்னும் நல்லது, தீபாவளிச் சேமிப்பு, பள்ளிச் சேமிப்பு என்று தனி வகை திறந்து, குறிப்பிட்ட தேதியில் மட்டும் எடுக்கலாம் என்று வைப்பது. எவ்வளவு வெளியே போகும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

செந்தூல்வாசி
கடைசியாக ஒன்று. கடன் இருக்கும்போது உறுப்பினர் இறந்துவிட்டால்?

கடன்குழு
சேரும் படிவத்திலேயே வாரிசு நியமனத்தை நிரப்ப வையுங்கள், பெயர், ஐசி எண், உறவு, சாட்சிக் கையெழுத்து. வெற்றாக விட்ட படிவத்தை ஏற்காதீர்கள். பிற்பாடு திருமணம், மணமுறிவு நடக்கும். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வரும்போது நியமனத்தை ஒரு தடவை சரிபார்க்கச் சொல்லுங்கள்.

உறுப்பினரின் பங்கின்மீதும் சந்தாவின்மீதும் அவர் கடனுக்காகச் சங்கத்துக்கு முதல் உரிமை சட்டப்படி உண்டு. அதனால் முதலில் அவர் சேமிப்பைக் கடனுக்கு எதிராகக் கழித்து, மிஞ்சினால் நியமனம் பெற்றவருக்குக் கொடுங்கள். கடன் மிஞ்சினால் ஜாமீன்காரர்களிடம் போக வேண்டிவரும், துக்க வீட்டுப் பக்கத்திலேயே இருப்பவர்களிடம். அந்த நிலை வராமல் இருக்க ஒவ்வொரு கடனிலும் 1 விழுக்காட்டைப் பிடித்து ஒரு மரண நிவாரண நிதி வைக்கலாம், அல்லது குழுக் காப்புறுதி எடுக்கலாம். 1,500 கடனுக்கு 15 வெள்ளி. நிதியில் இருந்து எவ்வளவு வரை தள்ளுபடி, 60 வயதுக்கு மேற்பட்டவருக்கு எப்படி, ஏற்கெனவே மூன்று மாதம் நின்ற கடனுக்கு உண்டா என்பதையெல்லாம் முதல் கடன் கொடுக்கும் முன்பே எழுதிப் பொதுக்கூட்டத்தில் நிறைவேற்றி, எஸ்கேஎம்மிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு சாவு நடந்த பிறகு விதி எழுத உட்கார்ந்தால், இறந்தவர் யார் வீட்டு ஆள் என்பதைப் பார்த்துத்தான் விதி எழுதப்படும்.